இரண்டு எழுத்து மாறினால் பால் மாறும்

ஒரே கொட்டகையில் இரண்டு பசுக்கள் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே சோளத்தட்டை, ஒரே புண்ணாக்கு, ஒரே தண்ணீர்த் தொட்டி. இரண்டும் ஒரே மாதத்தில் கன்று போட்டவை. ஒன்று காலையும் மாலையும் சேர்த்து 15 லிட்டர் கறக்கிறது. மற்றது 10 லிட்டர்தான். ஆனால் பால் சொசைட்டியில் கருவி வைத்துப் பார்த்தால், முதல் பசுவின் பாலில் கொழுப்பு 3.5 சதவீதம், இரண்டாவதன் பாலில் 4.8 சதவீதம். இப்படி நடப்பது உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டரில் 3.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 525 கிராம் கொழுப்பு. 10 லிட்டரில் 4.8 சதவீதம் என்றால் 480 கிராம். பாலில் 5 லிட்டர் வித்தியாசம். கொழுப்பில் 45 கிராம்தான் வித்தியாசம். அப்படியானால் எது நல்ல பசு? பாலாகவே விற்பவர் ஒன்றைக் காட்டுவார். வெண்ணெய் எடுத்து நெய் காய்ச்சுபவர் மற்றதைக் காட்டுவார்.

ஒரே தீவனம் தின்ற இரண்டு பசுக்களுக்கு இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பதில் அவற்றின் உடம்புக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதை மனிதர்கள் எப்படிப் படிக்கக் கற்றார்கள் என்பதுதான் இந்த மாதக் கதை.

மடிக்குள் நடக்கும் வேலை

பசு தின்ற புல் அப்படியே பாலாகிவிடுவதில்லை. செரித்த சத்து இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. ஒரு லிட்டர் பால் உண்டாக 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும்! மடியில் உள்ள கோடிக்கணக்கான செல்கள் அந்த இரத்தத்திலிருந்து வேண்டியதை எடுத்து, முக்கியமாக மூன்று பொருள்களைச் செய்கின்றன. ஒன்று, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. இரண்டு, கேசின் முதலான புரதங்கள். மூன்று, கொழுப்பு.

லாக்டோஸுக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. மடியில் லாக்டோஸ் எவ்வளவு சுரக்கிறதோ அதற்கு ஏற்ற தண்ணீரும் கூடவே வந்து சேரும். பாலின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். பசும்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர் இருப்பதன் காரணமும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கொழுப்பு அப்படித் தண்ணீரை இழுக்காது. நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கும். ஆகவே பால் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, கொழுப்பு எவ்வளவு என்பது வேறொரு கேள்வி.

இந்த வேலைகளைச் செய்து முடிப்பவை நொதிகள் என்னும் புரதங்கள். ஒவ்வொரு நொதியையும் எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. மரபணுக்கள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் அமைந்திருக்கின்றன. அந்த இழை ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆனது. பசுவின் ஒரு செல்லில் 60 குரோமோசோம்கள், அதாவது 30 இணைகள் உண்டு. ஒவ்வொரு இணையிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றொன்று தகப்பன் காளையிடமிருந்து வந்தது.

2009ஆம் ஆண்டில் உலகின் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு பசுவின் டி.என்.ஏ. முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். அந்தப் பசுவின் பெயர் டாமினெட். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வாழ்ந்த ஹியர்ஃபோர்டு இனப் பசு அது. அதில் குறைந்தது 22,000 மரபணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள்.

எல்லாப் பசுக்களுக்கும் இந்த எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் அங்கங்கே ஓர் எழுத்து, இரண்டு எழுத்து மாறியிருக்கும். இந்த மாற்றங்களைத்தான் மரபணு வேறுபாடு என்கிறோம். நிறைய இடங்களில் இதனால் ஒன்றும் ஆவதில்லை. சில இடங்களில் பாலே மாறிவிடுகிறது.

14ஆம் குரோமோசோமில் ஒரு தேடல்

பெல்ஜியம் நாட்டில் லியேஜ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மிஷெல் ஜார்ஜ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், ஹோல்ஸ்டீன் என்ற கறுப்பு வெள்ளைப் பசு இனத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரே காளைக்குப் பிறந்த மகள்களில் சிலவற்றின் பாலில் கொழுப்பு கூடுதல், சிலவற்றில் குறைவு. தகப்பனின் 14ஆம் குரோமோசோம் இணையில் எது எந்த மகளுக்குப் போனது என்று தேடிப் பார்த்தார்கள். கூடுதல் கொழுப்புக்கும் அந்தக் குரோமோசோமின் ஒரு நுனிக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. ஆனால் அந்த நுனியில் பல மரபணுக்கள் இருந்தன. எது காரணம்?

ஒரு துப்பு எலியிடமிருந்து வந்தது. உடம்பில் கொழுப்பு உண்டாகும் வேலையின் கடைசிப் படியைச் செய்து முடிக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் பெயர் டி.ஜி.ஏ.டி.1. இந்த நொதிக்கான மரபணு வேலை செய்யாத எலிகளை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, தாய் எலிகளுக்குப் பால் சுரக்கவே இல்லை என்று தெரிந்தது. அதே மரபணு பசுவில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், 14ஆம் குரோமோசோமின் அதே நுனியில் இருந்தது!

2002ஆம் ஆண்டில் லியேஜ் குழுவும் ஜெர்மனியில் ஒரு குழுவும் விடையை வெளியிட்டன. சில பசுக்களில் அந்த மரபணுவின் ஓர் இடத்தில் 'ஏஏ' என்று இருக்கிறது. வேறு சில பசுக்களில் அதே இடத்தில் 'ஜிசி' என்று இருக்கிறது. மாற்றம் இரண்டே எழுத்து. அதனால் நொதியின் 232ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

லைசின் வகை நொதி சுறுசுறுப்பானது. அது இருக்கும் பசுவின் பாலில் கொழுப்பு சதவீதம் கூடும். பாலின் அளவு சற்றுக் குறையும். அலனின் வகை இருக்கும் பசுவுக்குப் பால் கூடும். கொழுப்பு சதவீதம் குறையும். முதலில் நாம் பார்த்த இரண்டு பசுக்களைப் போன்ற வித்தியாசத்துக்கு இது ஒரு காரணம். ஜெர்சி இனத்தில் லைசின் வகை மிகுதி. ஜெர்சிப் பால் கெட்டியாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

இந்த இரண்டில் எது நல்ல வகை, எது கெட்ட வகை? அப்படிப் பிரிக்க முடியாது. நமக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது அது.

ஒரு மரபணு போதாது

லைசின் வகைதான் பழைய வகை. திமில் உள்ள நம் நாட்டு மாடுகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. எருமையிலும் அதுதான். எருமைப்பாலின் கெட்டித்தன்மை உங்களுக்குத் தெரியும்.

ஆனால் உடனே ஒரு கேள்வி எழ வேண்டும். காங்கேயம் பசுவின் டி.என்.ஏ.வில் ஜெர்சியில் மிகுதியாக உள்ள அதே எழுத்துகள் இருந்தும், அது ஜெர்சி அளவுக்கு ஏன் கறப்பதில்லை? ஏனென்றால் பால் என்பது ஒரு மரபணு செய்யும் வேலை இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள வேறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் இழுக்கின்றன. டி.ஜி.ஏ.டி.1 அந்தக் கூட்டத்தில் பலமான ஓர் ஆள், அவ்வளவுதான். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகிய நம் இனங்களை முன்னோர்கள் ஏர் உழவும் வண்டி இழுக்கவும் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். வலுவும் வெயில் தாங்கும் திறனும்தான் அவர்கள் தேடிய குணங்கள். பாலுக்காக யாரும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் குஜராத்தின் கிர் மாடு சாட்சி. அதை பிரேசில் நாட்டுக்காரர்கள் கொண்டுபோனார்கள். நன்றாகக் கறக்கும் பசுக்களின் கன்றுகளையே தொடர்ந்து வளர்த்துவந்தார்கள். இன்று அங்கே பாலுக்குப் பெயர்பெற்ற கிர் மந்தைகள் இருக்கின்றன. திமில் மாட்டுக்குள்ளும் பால் கூடுவதற்கான வேறுபாடுகள் இருந்தன. யாரோ ஒருவர் அவற்றைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரே மந்தையில் பசுவுக்குப் பசு பாலளவில் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் மரபணுவால் வருகிறது. மிச்சமெல்லாம் தீவனம், தண்ணீர், நோய், வெயில், கவனிப்பு. நல்ல மரபணு இருந்தும் பசித்த பசு பால் கறக்காது.

பால் கறக்காத காளைக்கு மதிப்பெண்

கன்றுக்குப் பாதி மரபணு தகப்பனிடமிருந்து வருகிறது. ஆனால் காளை பால் கறக்காதே! அதனிடம் இருக்கும் பால் மரபணுக்கள் எப்படிப்பட்டவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மகள்களைப் பார்த்துத்தான். ஒரு காளையின் விந்தைப் பல ஊர்களில் பல பசுக்களுக்குச் சினை ஊசியாகப் போடுவார்கள். பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் கன்று பிறக்கும். அந்தக் கிடேரி வளர்ந்து, சினையாகி, முதல் ஈத்து கறக்க இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆகும். அப்படி நூறு மகள்கள் கறந்த பாலை அளந்து பார்த்த பிறகுதான் தகப்பன் நல்ல பொலிகாளையா என்று சொல்ல முடியும். மொத்தம் ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பு பலன் தந்தது. அமெரிக்காவில் ஒரு பசு 1960ஆம் ஆண்டில் சராசரியாக 3,200 கிலோ பால் கறந்தது. இன்று அது 10,000 கிலோவைத் தாண்டிவிட்டது. தீவனமும் பராமரிப்பும் மாறியது ஒரு காரணம். பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்தது இன்னொரு பெரிய காரணம்.

அந்தக் காளைகளில் புகழ்பெற்றது ஒன்று. பெயர் பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். 1962இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தது. அதன் மகள்கள் அபாரமாகக் கறந்தன. எல்லாரும் சீஃபின் விந்தையே கேட்டார்கள். அதற்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்ளுப்பேத்திகள்!

பிறக்காத கன்றுகள் சொன்ன சேதி

சீஃபிடம் பால் கூட்டும் வேறுபாடுகள் நிறைய இருந்தன. அவற்றோடு, யாருக்கும் தெரியாமல், தீங்கான ஒரு வேறுபாடும் இருந்தது. இரண்டு இழைகளில் ஒன்றில் மட்டும் அது இருந்ததால் சீஃபுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரம்பரையில் அது பரவிக்கொண்டே போனது.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. அதைப் புரிந்துகொள்ள இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய், மற்றது தகப்பன். தலை விழுந்தால் நல்ல இழை கன்றுக்குப் போகிறது. பூ விழுந்தால் தீங்கான இழை போகிறது. இரண்டையும் சேர்த்து 100 முறை சுண்டுங்கள். ஏறக்குறைய 25 முறை இரண்டும் பூவாக விழும். சரியாக 25 வராமல் 21 வரலாம், 28 வரலாம். ஆனால் ஒரு முறைகூட இரண்டு பூ விழவில்லை என்றால்? எங்கோ ஏதோ நடக்கிறது என்று நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

அமெரிக்க வேளாண்மைத் துறையில் பால் வான்ரேடன் என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 2011இல் இதைத்தான் செய்தார்கள். ஆயிரக்கணக்கான ஹோல்ஸ்டீன் மாடுகளின் டி.என்.ஏ. விவரங்களை வைத்துக்கொண்டு, எந்தத் துண்டு ஒற்றையாக நிறைய மாடுகளில் இருந்தும் இரட்டையாக எந்த மாட்டிலும் இல்லை என்று தேடினார்கள். அப்படிச் சில துண்டுகள் கிடைத்தன. ஒன்று 5ஆம் குரோமோசோமில் இருந்தது. அந்தத் துண்டு சீஃபிடமிருந்து வந்தது. இரட்டையாகப் பெற்ற கரு வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதனால்தான் அப்படி ஒரு மாடுகூட உலகில் இல்லை.

பின்னர் அங்கே பழுதாகியிருந்த மரபணுவையும் கண்டார்கள். அதன் பெயர் ஏ.பி.ஏ.எஃப்.1. கரு ஒழுங்காக வளர அது வேண்டும். உலகெங்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் இதனால் கலைந்திருக்கும் என்று 2016இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். ஊசி போட்டும் பசு சினை நிற்கவில்லையே என்று எத்தனை குடும்பங்கள் கவலைப்பட்டிருக்கும்!

இப்போது வழி எளிது. அந்தத் துண்டு உள்ள காளையை, அதே துண்டு உள்ள பசுவோடு சேர்க்காமல் இருந்தால் போதும். சீஃபின் நல்ல மரபணுக்களை வைத்துக்கொள்ளலாம், கன்றும் பிழைக்கும்.

கன்றின் சில முடிகள் போதும்

2001ஆம் ஆண்டில் மேவிசன், ஹேய்ஸ், கோடார்டு என்ற மூவர் ஒரு புதுவழியைச் சொன்னார்கள். பெரிய மரபணு எது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம், டி.என்.ஏ. முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே சமயத்தில் பார்த்து, ஒவ்வோர் இடமும் எவ்வளவு பால் கூட்டுகிறது, குறைக்கிறது என்று கணக்கிட்டுக் கூட்டிவிடலாம் என்றார்கள். சில ஆண்டுகளில் அதற்கான கருவியும் வந்தது. சிறிய சிப் ஒன்று 50,000க்கும் மேற்பட்ட இடங்களைப் படித்துவிடும். 2009 முதல் அமெரிக்காவில் இதை முறையாகப் பயன்படுத்துகிறார்கள். கன்று பிறந்ததும் வேரோடு பிடுங்கிய சில முடிகளை அனுப்பினால் போதும். ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் தேசியப் பால்வள வாரியம் நம் மாடுகளுக்கென்றே ஒரு சிப்பை உருவாக்கியிருக்கிறது.

வேகம் கூடும்போது கவனமும் கூட வேண்டும். எல்லாரும் ஒரே காளையைத் தேர்ந்தெடுத்தால் மாடுகள் எல்லாம் நெருங்கிய சொந்தமாகிவிடும். சீஃபிடம் இருந்ததைப் போன்ற மறைந்த தீங்கு இரட்டையாகச் சேரும் வாய்ப்பு பெருகும். அதைவிடப் பெரிய இழப்பு, இன்றைக்குத் தேவைப்படாத வேறுபாடுகள் நாளைக்கு இல்லாமல் போவது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கரீபியன் தீவுகளில் செனிபோல் என்ற மாட்டினம் உண்டு. அதற்கு மிகக் குட்டையான, வழவழப்பான முடி. பால் சுரப்பதற்கு உதவும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றம்தான் இந்த முடிக்குக் காரணம் என்று 2014இல் தெரிந்தது. அந்த வகையை ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுவந்தார்கள். அப்படிப் பிறந்த பசுக்களுக்கு ஃபுளோரிடா மாநிலத்தின் கோடையிலும் மற்றவற்றைப் போல் அவ்வளவு பால் குறையவில்லை. செனிபோலை யாரும் பேணாமல் விட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா? நம் காங்கேயமும் உம்பளச்சேரியும் பல நூற்றாண்டு வெயிலைத் தாங்கி நின்றவை. அவற்றின் டி.என்.ஏ.வில் நாம் இன்னும் படிக்காத பக்கங்கள் நிறைய. குறைவாகக் கறக்கிறது என்று அவற்றைக் கைவிடுவது, படிக்காமலே புத்தகத்தை எரிப்பதற்குச் சமம். கூடுதல் பால் நமக்கு வேண்டும்தான்; விதவிதமான மாடுகளும் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

எந்தச் சிப்பும் தானாகப் பாலை அளந்துவிடாது. எந்த எழுத்து எவ்வளவு பால் தருகிறது என்று சொல்ல வேண்டுமானால், எந்தப் பசு எவ்வளவு கறந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். டென்மார்க்கில் வேயென் என்ற ஊரின் விவசாயிகள் 1895இல் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒவ்வொரு பசுவின் பாலையும் கொழுப்பையும் அளந்து குறித்தார்கள். டி.என்.ஏ.வை யாரும் படிக்கத் தெரியாத காலம் அது. ஆனாலும் இன்றைய கண்டுபிடிப்புகளுக்கு அடிப்படை அத்தகைய குறிப்பேடுகள்தான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாடு இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பசுவின் பெயர், அதன் தாய், எத்தனையாவது ஈத்து, சினை ஊசி போட்ட தேதி ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஊசிக் குழலில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அதைக் கால்நடை மருத்துவரிடமோ ஊசி போட வருபவரிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாதம் ஒரு நாள் காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பசுவின் பாலை மட்டும் தனியாகக் கொண்டுபோய்ச் சொசைட்டியில் கொழுப்பும் பார்த்து வாருங்கள். தாய்ப்பசுவுக்கு ஒரு பக்கம், மகளுக்கு ஒரு பக்கம் என்று இரண்டு மூன்று ஆண்டு எழுதினால், எது தீவனத்தால் வந்த மாற்றம், எது பரம்பரையாக வருவது என்று உங்களுக்கே யோசிக்கத் தோன்றும். அடுத்த சினைக்கு எந்தக் காளையின் ஊசி போடலாம் என்று வீட்டில் பேச்சு வரும்போது, கையில் கணக்கு வைத்திருப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.